பெட்டியை எங்கே இறக்கி வைப்பது?

தமிழில் வெளிநாட்டுப் பயணம் பற்றி எழுதப்பட்ட நூல்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை கப்பல் கரை சேர்ந்ததும், அல்லது விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் முடிந்துவிடுகின்றன. வீடு வந்து சேர்ந்ததாக ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். அந்த வீடு எங்கே இருந்தது, அத்தனை வருஷம் அதைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தது யார், ராத்திரி வந்து தட்டியபோது கதவைத் திறந்தது யார் என்பதெல்லாம் எழுதத்தக்க விஷயமாக யாருக்கும் படவில்லை. பயணம்தான் பிரதி, வீடு பிரதிக்கு வெளியே கிடக்கிறது.

ஏ.கே. செட்டியாரை எனக்குப் பிடிக்கும். 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வந்த நூல். காந்தியைப் பற்றிய படத்துக்காகத் தேசம் தேசமாக அலைந்த மனுஷர், திரும்பி வந்து 1943இல் 'குமரி மலர்' தொடங்கி, உட்கார்ந்து பத்திரிகை நடத்தினார். தன்னைப் பற்றி அதிகம் பேசாத எழுத்து அவருடையது. அதை ஒரு பண்பாகவே நம் விமர்சகர்கள் பாராட்டி வருகிறார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் தன்னைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு ஒரு வசதி வேண்டும் தோழர்களே. போகிற இடத்திலும் வருகிற இடத்திலும் 'நீ யாரு?' என்று எவனும் கேட்காத வசதி. அந்த வசதி இல்லாதவன் பயணம் முடிந்து வீடு திரும்பினால் என்ன ஆகிறது, அதை யார் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

நான் 1996இல் சிங்கப்பூருக்கு வெல்டராகப் போனவன். ஏஜெண்டுக்குக் கொடுக்க அம்மாவின் தோடும் அப்பா ஆயுசு முழுக்கப் பாடுபட்டு வாங்கிய அரை ஏக்கரும் போச்சு. கப்பல் கட்டும் யார்டில் 11 வருஷம், அப்புறம் மஸ்கட்டில் 8 வருஷம். 2015இல் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். இந்த 19 வருஷத்தில் லீவில் வந்து வீட்டில் படுத்த நாட்களையெல்லாம் கூட்டினால் 14 மாசம் தேறும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போகிற கூட்டத்தில் நானும் போவேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நூலகத்தின் தமிழ் அலமாரிக்குப் போய்விடுவேன். அங்கே ஏ.சி. இலவசம். அப்படித் தொடங்கிய வாசிப்பு இது. பட்டம் வாங்கிய விமர்சகனின் வாசிப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்பது சாதி இந்துக்களின் பழைய பயம். காந்தி 1888இல் லண்டனுக்குக் கிளம்பியபோது அவருடைய மோத் பனியா சாதியார் அவரைத் தள்ளிவைத்தார்கள். 1891இல் திரும்பி வந்ததும் அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முழுக வைத்து, ராஜ்கோட்டில் சாதிசனத்துக்கு விருந்து போட்டார். இதைக் காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தனக்கு இது பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கணித மேதை ராமானுஜன் 1919இல் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பி, 1920இல் சென்னையில் செத்துப்போனபோது, கடல் தாண்டிப் போனவன் என்று வைதீக உறவினர் பலர் இழவுக்குக்கூட வரவில்லை.

இதையெல்லாம் படிக்கிறபோது எனக்கு வருத்தமும் வரும், சிரிப்பும் வரும். ஏன் சிரிப்பு என்றால், அவர்களுக்குத் திரும்பி நுழைய ஒரு வாசல் இருந்திருக்கிறது. வாசலில் ஒரு சடங்கு, சடங்குக்கு ஒரு செலவு. முழுக்குப் போட்டு, சோறு போட்டுவிட்டால் உள்ளே போகலாம். நமக்கு? நாம் கடல் தாண்டினால் கெட்டுப்போக என்ன இருக்கிறது? பறையனுக்கும் பள்ளனுக்கும் சக்கிலியனுக்கும் எந்தச் சாஸ்திரத்திலும் இந்தப் பிராயச்சித்தம் எழுதிவைக்கப்படவில்லை. சாதி இந்து கடலில் எதையோ இழந்துவிட்டு வருகிறான், அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. நாம் எதைக் கடலில் போட்டுவிட்டோம் என்று நினைத்து வருகிறோமோ, அதையும் பத்திரமாக எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுக்க ஊர் எல்லையில் ஆள் இருக்கிறது. செலவே இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு பிரதியை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1930களின் நடுவில் எழுதியது. அவர் வாழ்ந்தபோது அச்சேறவில்லை. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறு நூலாகக் கொண்டுவந்தது. இன்றைக்கு அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே அது பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பைப் பாருங்கள். பயணம் போகிறவன் வாங்குவது விசா. அவரோ சொந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு விசாவுக்குக் காத்திருக்கிறார்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போனவர் அவர். 1916இல் லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். உலகப்போர்க் காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார், புத்தகங்கள் வேறு கப்பலில் வந்தன. புத்தகம் வந்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்துவிட்டது. வாழ்க்கை வரலாறுகள் இதைச் சொல்கின்றன. சேர்த்த சொத்தைக் கடலில் விட்டுவிட்டு வந்த மனிதர், ஒப்பந்தப்படி வேலை பார்க்கப் பரோடா ஸ்டேஷனில் இறங்குகிறார். இறங்கியதும் முதல் கேள்வி, எங்கே போவது? மன்னர் கொடுத்த வேலை இருக்கிறது, கொலம்பியாவில் எடுத்த பட்டம் இருக்கிறது. படுக்க இடமில்லை.

ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். அங்கே இருந்த காவல்காரர் வந்தவரின் உடம்பைக் கண்ணால் பார்க்கிறார். பார்சிகள் உடுத்தும் புனித உள்ளாடையும் இடுப்புக் கயிறும் இருக்கிறதா என்று. (நம்மூரில் முதுகில் தட்டிக்கொடுக்கிற சாக்கில் பூணூல் தேடுவார்களே, அதே தேடல்.) இல்லை என்று தெரிந்ததும் பேரம் நடக்கிறது. விடுதிக்கு ஆளே வருவதில்லை, காவல்காரருக்கும் காசு வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். பதிவேட்டில் பார்சிப் பெயர் போட்டுக்கொள்ள வேண்டும். சரி என்கிறார். மேல்மாடியில் ஒரு சின்ன அறை. மற்ற இடமெல்லாம் உடைந்த நாற்காலியும் பெஞ்சும் பலகையும் குவிந்த இருட்டுக் கூடம். மின்விளக்கு இல்லை, காவல்காரர் கொண்டுவந்து வைக்கிற அரிக்கேன் விளக்குதான். 11ஆம் நாள் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் சுமார் ஒரு டஜன் பார்சிகள் ஆளுக்கொரு தடியோடு மாடியேறி வருகிறார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், சாயங்காலத்துக்குள் காலி செய்.

அவர் பம்பாய் ரயில் ஏறியது ராத்திரி 9 மணிக்கு. அதுவரை 5 மணி நேரத்தைக் காமாட்டி பாக் என்ற பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்து கழிக்கிறார். பிறகு விடுதிக்கு வந்து மூட்டையை வண்டியில் ஏற்றுகிறபோது காவல்காரரும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இந்தப் பகுதியை மேடையில் சொல்கிறவர்கள் எல்லாரும் கண்ணீரைத்தான் சொல்கிறார்கள். தோட்டத்தில் உட்கார்ந்து அழுதார், தலைவர் அழுதார் என்று. அழுதார்தான். ஆனால் பிரதியை நிதானமாக வாசித்தால் கண்ணில் படுவது வேறு. வாடகை எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை பேர் வந்தார்கள், கையில் என்ன இருந்தது, ரயில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் போக்க வேண்டியிருந்தது. எல்லாம் எண்ணிக்கை. பரோடாவில் அவரைப் பயிற்சிக்குப் போட்டிருந்த இடம் தலைமைக் கணக்காயர் அலுவலகம். கணக்கு எழுத வந்தவர் அவமானத்துக்கும் ஐந்தொகை போட்டு வைத்திருக்கிறார் என்றே நான் படிக்கிறேன். நம்முடைய தன்வரலாறுகளில் பலவற்றில் இந்தக் கணக்கு இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வலித்தது, வலித்தது என்று பத்துப் பக்கம் போகிறது. யார் சொன்னது, என்ன தேதி, எந்தக் கடை, எவ்வளவு கூலி என்று கேட்டால் பதில் இல்லை. படிக்கிற சாதி இந்து 'உச்' கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்க அது வசதியாகப் போய்விடுகிறது. ஒன்றரை ரூபாய்க்கு எவனும் உச் கொட்ட முடியாது.

அந்த நாளில் அவர் இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்கிறார். ஒருவர் இந்து. நீ என் வீட்டுக்கு வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் இந்தியக் கிறிஸ்தவர். நாளைக்கு மனைவி வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்கிறார். கவனியுங்கள். 'நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன்' என்று இருவருமே சொல்லவில்லை. ஒருவர் வேலைக்காரனைக் காட்டுகிறார், ஒருவர் மனைவியைக் காட்டுகிறார். முன்வாசலில் நட்பு, சமத்துவம், இங்கிலீஷ் எல்லாம் இருக்கிறது. அடுப்படிதான் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

இந்த வரிகளை முதலில் சிங்கப்பூரில் படித்தேன். அப்போது அது எனக்கு வரலாறு. 2015இல்தான் புரிந்தது. மகள் பிளஸ் டூ முடித்து டவுன் காலேஜில் சேரப் போகிறாள். சேரியிலிருந்து தினம் போய்வருவது கஷ்டம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போர்ஷன் பார்த்தால் குடும்பத்தோடு இருக்கலாம் என்று தேடினேன். கையில் காசு இருந்தது, அட்வான்ஸ் கொடுக்க நான் தயார். ஒரு வீடு பிடித்திருந்தது. வீட்டுக்காரர் ரிட்டையர்டு ஆள், தன்மையாகப் பேசினார். மஸ்கட்டில் வெயில் எப்படி, பேரீச்சம்பழம் என்ன விலை என்றெல்லாம் கேட்டார். காபி வந்தது.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?"

உலகத்தில் எத்தனையோ இமிக்ரேஷன் கவுண்டர் தாண்டி வந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஈடான கேள்வியை எந்த ஆபீசரும் கேட்டதில்லை. சொன்னேன். காபியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பேச்சு நல்லபடியாகத்தான் போயிற்று. கடைசியில் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. காலம் மாறிப்போச்சு, நான் அதெல்லாம் பாக்கறதில்ல. எங்கம்மா இருக்காங்க. பழைய மனுஷி. அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

அந்த அம்மாவை நான் பார்த்தேன். கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். தொண்ணூறு வயசு இருக்கும். காது சுத்தமாகக் கேட்காது என்று அவரேதான் சற்று முன் சொல்லியிருந்தார். அந்தக் கிழவியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவர் மகனுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்தப் பரோடாப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கிறிஸ்தவ நண்பரின் பதில் சாமர்த்தியமான பதில் என்று அண்ணலுக்குப் பிறகு தெரியவருகிறது. கணவனும் மனைவியும் பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்கள், கணவன் மாறிவிட்டான், மனைவி பழைய ஆசாரத்திலேயே இருந்தாள் என்று எழுதுகிறார். யார் அவருக்கு இதைச் சொன்னது? அந்தப் பெண் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அவளிடம் கேட்கப்படவே இல்லை. இருந்தும் கதவை மூடியவள் என்ற பெயர் அவளுக்கு. ஒருவேளை அவள் உண்மையிலேயே ஆசாரக்காரியாக இருக்கலாம். இருந்தாலும், தீண்டாமையின் கணக்கை ஆண்கள் தங்களுக்குள் முடித்துக்கொண்டு அடுப்படி பேரில் பற்று எழுதுகிற இந்த வேலையை நாம் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு ஒன்றரை ரூபாயையும் எழுதிவைத்தவரின் பிரதியில் இந்த ஒரு பற்று மட்டும் சரிபார்க்கப்படாமல் இருக்கிறது. அண்ணலோடு முரண்பட நான் யார் என்று சிலர் கேட்பார்கள். அவர் கற்றுக்கொடுத்த கணக்கில்தான் கேட்கிறேன்.

இன்னொரு இடத்திலும் எனக்கு வேறு அனுபவம். ஐந்து வருஷம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்ததில் தான் தீண்டப்படாதவன் என்கிற நினைவே தன் மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வது நிஜம். அவர் இருந்தது நூலகத்தில், வகுப்பறையில், அமெரிக்கர் நடுவில். அதை வைத்துக்கொண்டு 'கடல் தாண்டினால் சாதி இல்லை' என்று நம்மாட்களே மேடையில் பேசுகிறபோதுதான் எனக்கு நெருடுகிறது. கூலிக்குப் போகிறவன் தனியாகப் போவதில்லை. ஏஜெண்டு ஒரே வட்டாரத்தில் முப்பது பேரைப் பிடித்து ஒரே விமானத்தில் ஏற்றுகிறான். பன்னிரண்டு பேர் படுக்கிற அறை, அதில் நாலு நாலு பேராகச் சமையல் செட்டு. நான் போய் ஒரு வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் அறைக்கு வந்தான். என் ஊர்ப் பெயரைக் கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை, "செட்டைக் கொஞ்சம் மாத்திக்கலாம், நீங்க காரம் ஜாஸ்தி போடுறீங்க" என்றார்கள். அன்றைக்குவரை சமைத்தது நானே இல்லை. காரத்தைக் குறைத்தாலும் அந்தச் செட்டில் எனக்கு இடம் வரவில்லை. பிறகு தர்மபுரி, திருவாரூர்ப் பக்கத்துச் சேரிப் பையன்கள் மூன்று பேர் வந்தபிறகுதான் எனக்கு ஒரு செட்டு அமைந்தது. நன்றாகச் சாப்பிட்டோம், அது வேறு விஷயம்.

ஆகவே திரும்புதலும் இரண்டு வகை. மறந்துபோய்த் திரும்பியவருக்குப் பரோடாவில் விழுந்தது இடி. மறக்கவே விடப்படாமல் திரும்பியவனுக்கு டவுன் வீட்டில் விழுந்தது பழைய அடிதான். ஆனால் கையில் காசிருந்தால் விழாது என்று நினைத்திருந்தேனே, அதுதான் வலித்தது. 19 வருஷம் என்னை அடையாளம் காட்டிய பாஸ்போர்ட்டில் சாதிக்கு ஒரு கட்டம் கிடையாது. ஊர் வந்து சேர்ந்த மாசம் மகளின் காலேஜ் விண்ணப்பத்துக்காக நான் முதலில் எடுத்துக்கொண்டு போனது சாதிச் சான்றிதழ். உரிமைக்கான தாள் அது, அதில் எனக்கு வெட்கமில்லை. வரிசையில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. ஒரு தாள் என்னைப் போகவிட்டது, இன்னொரு தாள் என்னை எங்கே உட்கார வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிறது. இரண்டுமே என் பெயரில்தான்.

நம் தமிழ் மண்ணுக்கே திரும்பிவந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று துணிந்து பெயர்வைத்துப் பத்திரிகை நடத்தியவர். 1900இல் நாட்டை விட்டுப் போய்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். சுமார் 20 வருஷம் கழித்துத் திரும்பினார். திரும்பியபோது வயது அறுபது. தங்கையைக் கட்டிய அயோத்திதாசப் பண்டிதர் 1914இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு ஒருவராக இருந்தால் திண்ணையில் சாய்ந்து ஆப்பிரிக்கக் கதை சொல்லிக்கொண்டு காலத்தைக் கழித்திருப்பார். சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டசபைக்குள் போனார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்று 1924இல் தீர்மானம் நிறைவேறியது அவர் உறுப்பினராக இருந்த அந்தச் சபையில்தான். தெரு திறக்காமல் திண்ணை ஏது?

1939இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று பெயர். சின்னப் புத்தகம். பொதுக்காரியம் நிறைய, வீட்டுக்காரியம் குறைவு. வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோது, தான் தீண்டப்படாதவன் என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னால் நின்ற கதை நம் மேடைகளில் ஓயாமல் சொல்லப்படுகிறது, சொல்லப்பட வேண்டியதுதான். இருந்தாலும் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு ஏக்கம். 20 வருஷம் கழித்து வந்த மனுஷருக்கு முதல் நாள் யார் தண்ணி கொடுத்தார்கள்? எந்த வழியாக ஊருக்குள் நடந்தார்? ஆப்பிரிக்காவில் கோர்ட்டில் கோட்டுப் போட்டு நின்ற உடம்பு, இங்கே எந்தத் தெரு முனையில் தயங்கியது? தலைவர்கள் இதையெல்லாம் சுருக்கம் செய்துவிடுகிறார்கள். தலைவராக இருந்ததனால் அவருக்கு எழுத நேரமில்லை என்று சொல்லலாம். தலைவராக இல்லாத நாமும் எழுதவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

கூலிகள் திரும்பிய கதையை அரசாங்கம் எழுதியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டார்கள். வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். மஸ்கட்டில் என்னோடு வேலைபார்த்த கோத்தகிரித் தோழர் ஒருவரின் அம்மா அப்படி வந்தவர். மண்டபம் முகாமில் ஆபீசர் சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார். ஹட்டன் என்றிருக்கிறார் அந்த அம்மா. அது இல்லை, உங்க சொந்த ஊர் என்று மறுபடி கேட்டு, கடைசியில் தாத்தா விட்டுப்போன கிராமத்தின் பெயரை எழுதிக்கொண்டார்களாம். "அந்த ஊருக்குப் போனோம். சேரியில சனம் நல்லாத்தான் பாத்துச்சு, படுக்கத்தான் எடமில்ல. ஊர்த்தெருவுல ஒரு பெருசு, யாரோட பேத்தின்னு கேட்டுட்டு, அப்ப நம்ம பண்ணைக்கு வந்துடுன்னுச்சு" என்று சொல்வாராம். பார்த்தே இராத ஊரில் அந்த அம்மாவை ஊர் அடையாளம் கண்டுகொண்டது. ஒரு மாசத்தில் கிளம்பி நீலகிரிக்குப் போய் மறுபடி கொழுந்து கிள்ளத் தொடங்கிவிட்டார்.

இவ்வளவு எழுதிவிட்டு என் வீட்டைப் பற்றி எழுதாமல் போனால், மேலே செட்டியார் முதல் சீனிவாசன் வரைக்கும் நான் வைத்த குறைக்கு அர்த்தமில்லை. 2015இல் நான் வந்து இறங்கியபோது கொண்டுவந்த பெரிய பெட்டியை வைக்க வீட்டில் இடமில்லை. இருக்கிறது ஒரு கான்கிரீட் அறை, அதோடு ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கூடம். அறையில் ஒரு மூலையில் மனைவியின் தையல் மிஷின். இன்னொரு மூலையில் மகளிர் குழு நோட்டுகள், ரசீதுக் கட்டு, குழுவுக்கு வாங்கிய பாத்திரங்கள். குழுவுக்குத் தலைவி அவள். அது எனக்குப் போனில் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இத எங்க வைக்கறது?" என்றேன்.

"வெளிய வையி. இங்க எடமில்ல."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் காசுல கட்டின வீடு, என் பொட்டிக்கு எடமில்லையா?" என்று கேட்டேன். கேட்ட குரல் என் குரல் மாதிரி இல்லை. என் நிலம், என் கிணறு, என் தெரு என்று ஊர்க்காரன் சொல்கிற அதே குரல்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காசு நீ அனுப்புன. வீட்ட நான் கட்டுனேன். கொத்தனாருக்குக் கல்லு எடுத்துக் குடுத்தது, சாந்து சொமந்தது, மணல் லாரிக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னது ஆரு? ஊர்த்தெரு வழியா லாரி வரக்கூடாதுன்னு மறிச்சானுங்களே, போலீஸ் ஸ்டேஷன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் குந்திக்கினு இருந்தது ஆரு? நீ போன்ல 'பாத்து செய்யி'ன்ன. பாத்துதான் செஞ்சேன்."

மணல் லாரியை மறித்த விஷயம் எனக்குத் தெரியாது. 2009இல் நடந்ததாம். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே தூக்கம் கெடும், வேலையில் கை தவறும் என்று சொல்லவில்லையாம். நான் அடுப்படி பேரில் பற்று எழுதுகிற ஆண்களைப் பற்றி மேலே எழுதினேன். என் வீட்டு அடுப்படியில் எனக்கே தெரியாமல் வரவு எழுதப்பட்டிருந்தது.

மாசக்கணக்கில் கஷ்டமாகத்தான் இருந்தது. காலையில் நாலரைக்கே விழிப்பு வந்துவிடும், யார்டு சைரன் காதில் கேட்கும். எழுந்து என்ன செய்வது என்று தெரியாது. குழுக் கூட்டம் எங்கள் கூடத்தில் நடக்கும்போது, பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்கள். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்காருவேன். "விருந்தாளியா வந்தப்ப நல்லாத்தான்யா இருந்த" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மகள் டவுனில் போர்ஷன் கிடைக்காமல் ஹாஸ்டலில் சேர்ந்தாள். எனக்கு உள்ளூரிலேயே வெல்டிங் பட்டறை போடலாம் என்று ஒரு எண்ணம். மெயின்ரோட்டில் கடை கேட்டால் அங்கேயும் 'எந்தத் தெரு'தான். கடைசியில் சேரி முனையில், எங்கள் சித்தப்பா வீட்டு முன்னாலேயே தகரம் போட்டுப் பட்டறை வைத்தேன். ஊர்த்தெருவிலிருந்து கேட் செய்ய, கிரில் செய்ய வருகிறார்கள். உள்ளே வரமாட்டார்கள். டிராக்டரில் உட்கார்ந்தபடியே அளவு சொல்வார்கள். நானும் பட்டறையில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொள்கிறேன். எழுந்து போவதில்லை.

பெட்டி ஒரு மழைக்காலம் முழுக்க வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. உள்ளே கோடாலித் தைலமும் சோப்பும் யாருக்கும் கொடுக்காமல் அப்படியே இருந்தன. தீபாவளிக்கு முந்தின வாரம் அவளே எடுத்து, துடைத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் தள்ளினாள். இப்போது குழு நோட்டுகள் அதில்தான் இருக்கின்றன. என் பழைய பாஸ்போர்ட் அதற்கும் அடியில் எங்கேயோ இருக்கிறது. போன வாரம் ஒரு நம்பர் பார்க்க வேண்டியிருந்து தேடப் போனேன். "கணக்கு கலஞ்சிடும், நானே எடுத்துத் தர்றேன், இரு" என்றாள்.